நாற்பத்தெட்டு நாள் கட்டு

பல்லடத்துப் பக்கம் தறிக்குடோனில் வேலை செய்கிறவர்களுக்குக் காது சும்மா தோடு மாட்டத்தான். பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. வாயை நன்றாகத் திறந்து, உதட்டை நன்றாகக் குவித்து, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். எதிரே நிற்கிறவர் கண்ணால் கேட்டுக்கொள்வார். நாலு தறி தள்ளி நின்றுகொண்டே மாமியார் சண்டையிலிருந்து மத்தியானக் குழம்பு வரைக்கும் பேசி முடித்துவிடலாம். வெளியாள் வந்து பார்த்தால் இதென்ன கிறுக்குக் கூட்டம் என்று நினைப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பொற்கொடி அந்தப் பேச்சில் கெட்டிக்காரி. அங்கப்பனின் குடோனில் பதினாலு வருஷமாகத் தறி ஓட்டுகிறாள். அவளைவிடக் கெட்டிக்காரி அவள் மகள் தேஜா. ஒன்பது வயசு. கைக்குழந்தையில் குடோன் மூலையில் தூளி கட்டிப் போட்டு வளர்த்த பிள்ளை. அம்மா வாயைப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டவள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று "பசிக்குதும்மா" என்று வாயை மட்டும் அசைப்பாள். கோயில் கூட்டத்தில், கல்யாண வீட்டில், யாருக்கும் தெரியாமல் ரெண்டு பேரும் ஊரைக் கேலி பண்ணிச் சிரித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு சந்தோஷம் அவர்களுக்கு.

அந்த வாயைத்தான் பொற்கொடி தன் கையாலேயே பூட்டிப்போட்டாள். வேணுமென்று செய்யவில்லை. உசுருக்கு உசுராக நினைத்துத்தான் செய்தாள். அதுதான் கொடுமை.

நடந்தது ஒரு சனிக்கிழமை. அன்றைக்குப் பொற்கொடி சோற்றை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். லீவில் இருந்த தேஜா, தூக்குப்போசியில் சோற்றைப் போட்டு மூடி, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரு மைல்கூட இல்லை. எத்தனையோ தடவை வந்த வழிதான். குடோனுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கும்போது தூக்குப்போசி ஆடி முன் சக்கரத்தின் கம்பிக்குள்ளே போய் மாட்டிக்கொண்டது. சைக்கிள் அங்கேயே நின்றது. பிள்ளை நிற்கவில்லை. ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய்த் தாடை முதலில் தரையில் விழுந்தாள்.

யாரோ ஓடி வந்து சொல்லிப் பொற்கொடி வெளியே வந்தபோது தேஜா எழுந்து உட்கார்ந்திருந்தாள். தாடையிலிருந்து ரத்தம் வழிந்து பாவாடையெல்லாம் ஆகியிருந்தது. பக்கத்தில் சோறு கொட்டிக் கிடந்தது. "சோறு போச்சும்மா" என்றுதான் பிள்ளை முதலில் அழுதது.

பக்கத்து ஊர்க் கிளினிக்கில் தாடைக்குக் கீழே அஞ்சு தையல் போட்டார்கள். பல் ஒன்றும் போகவில்லை, கண் தப்பித்தது, மாரியாத்தா காப்பாற்றினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். "காதுகிட்ட வலிக்குதும்மா" என்று தேஜா ரெண்டு தடவை சொன்னாள். ரத்தம் வந்த இடத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். காதோரத்தில் ஒரு கீறல்கூட இல்லை, அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

"ஒரு வாரத்துக்குக் கெட்டியா ஒண்ணும் குடுக்காதீங்க, ரெஸ்டா இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார் அந்த டாக்டர். ஒரு வாரம். பொற்கொடி அதைத்தான் ஏழு வாரமாக இழுத்துவிட்டாள்.

மூணாம் நாள் டி.வி. பார்த்துச் சிரித்ததில் ஒரு தையல் விட்டு மறுபடி ரத்தம் வந்துவிட்டது. பொற்கொடிக்குத் தெரிந்ததெல்லாம் தறிதான். பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் என்ன செய்வாள்? தறியை நிறுத்துவாள். ரெண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போடுவாள். முடிச்சு இறுகாமல் தறியை ஓட்டினால் போட்டதும் போய்விடும். ஒட்டுவது ஒட்டும்வரைக்கும் அசையக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளையின் தாடையும் அப்படித்தானே?

தான் ஓட்டிய தறியிலிருந்தே காடாத் துணி ரெண்டு முழம் வாங்கி வந்தாள். தாடைக்கு அடியில் கொடுத்து, கன்னத்தோடு மேலே கொண்டுபோய், உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். பொற்கொடி போட்ட முடிச்சு அவிழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. அதோடு விட்டாளா? மாரியம்மன் கோயிலுக்குப் போய், ஒரு மண்டலம் எம்புள்ள வாயை அசைக்காம விரதமாட்டம் காப்பாத்தறேன், தழும்பில்லாமக் குடுத்துரு ஆத்தா என்று வேண்டிக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள்.

"பேசாத கண்ணு. மெல்லாத கண்ணு. சிரிக்காத சாமி." இதுதான் அந்த நாற்பத்தெட்டு நாளும் அந்த வீட்டில் பாட்டு. கட்டைத் தளர்த்தி உதட்டோரமாகக் கஞ்சியை ஊற்றுவாள், துடைப்பாள், மறுபடி இறுக்குவாள். புருஷன் ரவிக்குமார் கறிக்கோழி லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போகிற வண்டி ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒரு நாள் வருவான், மகளைப் பார்த்துக் கண் கலங்குவான், போய்விடுவான். பிள்ளையை இவ்வளவு பக்குவமாகப் பார்க்கிறாளே என்று லைன் வீட்டில் எல்லோருக்கும் அவள்மேல் மரியாதை.

பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் ஒருத்திதான் வந்து சொன்னாள். "ஏம்புள்ள, இதென்ன பொணத்துக்குக் கட்டறாப்பல கட்டி வெச்சிருக்கறே? பாக்கவே நல்லால்ல. அவுத்துடு புள்ள."

பொற்கொடிக்கு வந்ததே கோபம். "உங்க வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க! எம்புள்ளயப் பாத்து என்ன பேச்சுங்க பேசறீங்க?"

"நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. எம்புள்ளயப் பாத்துக்க எனக்குத் தெரியும்."

பாவாத்தாள் அபசகுனமாகத்தான் பேசினாள். ஆனால் சரியாகப் பேசினாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை பொற்கொடி பாதியில் அவிழ்த்திருப்பாளோ என்னவோ, அந்த வார்த்தையால் வீம்பு வந்து இன்னும் இறுக்கினாள்.

நாற்பத்தெட்டாம் நாள் கோயிலில் வைத்துத்தான் கட்டை அவிழ்த்தாள். தழும்பு மெல்லிசுக் கோடாக ஆறியிருந்தது. பொற்கொடி ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்தாள். பிள்ளை அந்தப் பொங்கலை விரல் நுனியில் எடுத்து நக்கித் தின்றாள். இத்தனை நாள் கட்டியிருந்த வாய் மரத்துப்போயிருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று பொற்கொடி நினைத்தாள்.

போகப் போகத்தான் மோசமானது. பள்ளிக்கூடத்தில் சத்துணவைத் தின்னாமல் தேஜா திருப்பிக் கொண்டுவந்தாள். வீட்டில் பாலில் ஊறின பன், கரைத்த சோறு. "கறி தின்னு அம்மணி, எத்தன நாளைக்குக் கஞ்சியே குடிப்பே? செல்லம் குடுத்துக் கெட்டுப்போச்சு" என்று பொற்கொடி திட்டினாள். ஆமாம், திட்டவும் செய்தாள். அம்மா பயப்படுவாள் என்று பிள்ளை வாயே திறக்கவில்லை என்று சொன்னால் அது பொல்லாத பேச்சாகிவிடும். ஆனால் அதுதான் நிஜம்.

அஞ்சு மாசம் கழித்து ஒரு நாள் தேஜா குடோன் வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. 'என்ன?' என்று வாயசைத்தாள். பிள்ளை மறுபடி சொன்னாள். உதடு ரெண்டும் லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். பல்லுக்குப் பின்னால் இருட்டே தெரியவில்லை. நாக்குத் தெரியவில்லை. பதினாலு வருஷமாக எத்தனையோ வாயைப் படித்தவள், பெற்ற பிள்ளையின் வாயைப் படிக்க முடியாமல் நின்றாள். 'வாயைத் தொறந்து சொல்லுடி!' என்று எரிச்சலாக அசைத்தாள்.

தேஜாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

அடுத்த தறியில் நின்ற நஞ்சுண்டன்தான் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். பொற்கொடியின் பக்கம் திரும்பி, 'அக்கா, புள்ளைக்கு வாய் தொறக்கலீங்க' என்று அவன் வாய் பெரிதாகத் திறந்து சொன்னது.

பொற்கொடி ஓடுகிற தறியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள். பிள்ளையை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து, "ஆ காட்டு கண்ணு" என்றாள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை. நகம்தான் போனது.

"இவ்வளவுதாம்மா வருது" என்றாள் தேஜா, பல்லுக்குள்ளேயே. "அப்பா வந்திருக்காருன்னுதான் சொன்னேன்."

கோயமுத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு ரவிக்குமார் கூட்டிப்போனான். படமெடுத்துப் பார்த்தார்கள். புவனா என்று ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. தாடை அடிவாங்கியதில் காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டு உடைந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை, உடைந்த எலும்பு மண்டை எலும்போடு சேர்ந்து ஒரே கல்லாக ஒட்டிவிட்டது என்று படத்தில் காட்டினாள்.

"அடிபட்டப்பறம் வாயை எப்படி வெச்சிருந்தீங்கம்மா?"

பொற்கொடி சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள், பாவி. காடாத் துணி, முடிச்சு, கஞ்சி, நாற்பத்தெட்டு நாள், ஒரு வார்த்தை பேசவிடவில்லை, எல்லாம். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தாள். வாயைப் படிக்கிறவளுக்கு முகம் படிக்கத் தெரியாதா? பாதியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது.

"கட்டாம உட்டிருந்தா?" என்று கேட்டாள்.

"மூட்டு அசைஞ்சுட்டே இருந்திருந்தா பெரும்பாலும் ஒட்டியிருக்காதுங்க. வலிச்சாலும் பேச உட்டிருக்கோணும், மெல்ல உட்டிருக்கோணும்." புவனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவே காதோரம் படம் எடுத்திருக்கோணும், யாரும் எடுக்கல. இது உங்க தப்பு மட்டும் இல்லீங்கம்மா."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த 'மட்டும்' பொற்கொடியின் நெஞ்சில் முள்ளாக ஏறி உட்கார்ந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் தேஜா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் எங்கே?

காதுக்கு முன்னால் வெட்டி, ஒட்டின எலும்பை அறுத்தெடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. புவனா ஒரு கட்டு ஐஸ் குச்சியைக் கொண்டுவந்து பொற்கொடியின் மடியில் வைத்தாள். "நாங்க செஞ்சது பாதிதானுங்க. மீதி நீங்கதான். இந்தக் குச்சிகளை அடுக்கிக் கடவாய்ப் பல்லுக்கு நடுவுல குடுத்து, ஒண்ணொண்ணாச் சொருகிட்டே போகோணும். தெனமும் மூணு தடவை, ஆறு மாசம். இப்ப பதினாறு போகுது. இருபது வரணும். வலிக்கும், கத்துவா. நீங்க உட்டுட்டீங்கன்னா மறுபடி ஒட்டிக்கும்."

கட்டின கைதான் பிரிக்கவும் வேண்டும். அதைப் பொற்கொடியிடம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் நாளே வீட்டில் ரவிக்குமார் மகள் தலையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தான். ஒரு அலறல் கேட்டதும் எழுந்து வெளியே போனவன் வண்டிக்குப் போய்விட்டான். ஆம்பளைக்குப் போக வண்டி இருக்கிறது. பொற்கொடி ஒற்றையாளாகச் செய்தாள். தேஜா கத்தினால் லைன் வீடு முழுக்கக் கேட்கும். பாவாத்தாள் வந்து கதவைத் தட்டுவாள். "புள்ளயக் கொல்லப் பாக்கறியா நீ? ஏற்கெனவே செஞ்சது பத்தலையா?" என்பாள். குச்சியைப் பிடித்த விரல் தானாகத் தளர்ந்துவிடும். "போதும் சாமி, போதும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மகளைக் கட்டிக்கொள்வாள். பிள்ளையும் கெட்டி. "சோறு தின்னுட்டும்மா", "தல வலிக்குதும்மா", "நாளைக்கு ரெண்டு சேத்தி வெச்சுக்கலாம்மா" என்பாள். மூணு தடவை ரெண்டானது. ரெண்டு ஒன்றானது. சில நாள் அதுவும் இல்லை.

அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்பது குச்சிதான் போனது.

புவனாவுக்குக் கோபம் வந்து பொற்கொடி அன்றைக்குத்தான் பார்த்தாள். "இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா மொத்தமும் ஒட்டிப்போயிருங்க. மறுபடி வெட்டோணும். வெட்ட வெட்ட அந்தப் பக்கத் தாடை வளராது, மொகமே கோணிப்போயிரும். அழுதா அழட்டுங்கம்மா! நீங்க எதுக்கு அழறீங்க?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது பொற்கொடி யோசித்துக்கொண்டே வந்தாள். தன் கை எதனால் தளர்கிறது? அந்தச் சத்தத்தால். சத்தம் கேட்காத இடம் ஒன்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அங்கப்பனிடம் போய்க் கேட்டாள். "ஏனுங்க மொதலாளி, பள்ளிக்கோடம் லீவு போட்டுட்டுப் புள்ளயக் கூட்டியாந்து குடோன்லயே குச்சி போட்டுக்கறனுங்க. தெனம் மூணு தடவை, பத்துப் பத்து நிமிசம்."

அங்கப்பன் சிடுசிடு ஆள்தான். பிள்ளையின் காதோரத் தழும்பைப் பார்த்தார். "என்னமோ செய். என்னையப் பாக்க வெச்சுறாத" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பொற்கொடி மகளை நூல் மூட்டைமேல் உட்காரவைத்து, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒன்பது குச்சியை அடுக்கி வைத்தாள். பத்தாவதைச் சொருகினாள். தேஜாவின் கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டை நடுங்கியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. பொற்கொடியின் கை தளரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. மற்ற தறிக்காரர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

காதை ஏமாற்றிவிட்டாள், கண்ணை ஏமாற்ற முடியவில்லை. குச்சி இருக்கும்போது பிள்ளையால் வார்த்தை சேர்க்க முடியாது. வெறும் வாய்தான் கோணும். பொற்கொடி அதைப் பார்க்காமல் குச்சியையே பார்ப்பாள். பதினொன்று. ரெண்டு நாள் கழித்துப் பன்னிரண்டு. எச்சிலில் லேசாக ரத்தம் வரும், துடைப்பாள். பதின்மூன்று. முடிந்ததும் முந்தானையால் மகள் முகத்தைத் துடைக்கப் போனால் தேஜா தலையைத் திருப்பிக்கொள்வாள். வீட்டிலும் பேச்சில்லை. அம்மா போட்ட தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். பரவாயில்லை, வாய் திறந்தால் போதும் என்று பொற்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பதினஞ்சாம் குச்சி போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். போகவே மாட்டேன் என்றது. பொற்கொடி கட்டை விரலால் அழுத்தித் தள்ளினாள். தேஜா அவள் கையைப் பிடித்து நகத்தால் கீறினாள். பொற்கொடி விடவில்லை. உள்ளே போனது. அறுபது எண்ணினாள். பிறகு எல்லாவற்றையும் மொத்தமாக உருவி எடுத்தாள்.

வாய் உடனே மூடவில்லை. திறந்தபடியே இருந்தது. உள்ளே நாக்கு, மேல்வரிசைப் பல், கீழ்வரிசைப் பல், எல்லாம் தெரிந்தன. தேஜா எழுந்து ரெண்டடி தள்ளி நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் குடோன் பேச்சைத் தெளிவாகப் பேசினாள். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, நாலு தறிக்கு அப்பால் இருக்கிறவருக்குக்கூடத் தெரிகிற மாதிரி.

'நீதான் கட்டுனே. எல்லாம் நீதான். நீ எனக்கு வேண்டாம்.'

நஞ்சுண்டன் அந்நேரம் பார்த்துத் திரும்பியிருந்தான். படித்துவிட்டான். சட்டென்று குனிந்து, அறாத இழையைத் தேடுகிற மாதிரி தறிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

பொற்கொடியும் படித்தாள். ஒரு எழுத்து விடாமல் படித்தாள். 'வேண்டாம்' என்று பிள்ளை சொன்னபோது வாய் எவ்வளவு விரிந்தது என்றுகூடப் பார்த்தாள். அதே நேரத்தில், அந்தப் பாழாய்ப்போன கண் கணக்கும் போட்டது: குச்சி இல்லாமலே ரெண்டு விரற்கடை இருக்கும்.

கீறின இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. கண்ணைத் துடைத்தாள், மகள் வாய் மறைத்துவிடக் கூடாதென்று. பிறகு அவளும் வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

'இன்னொருக்காச் சொல்லு கண்ணு. இன்னும் நல்லா வாயைத் தொறந்து சொல்லு.'

தேஜா சொன்னாள்.